ஒன்பதாவது வாரம்

அப்போது நான் கருமத்தம்பட்டியிலிருந்து உள்ளே போகும் ரோட்டில், விசைத்தறிகள் ஓடும் ஓர் ஊரின் சமுதாயக் கூடத்தில், வாரம் ஒரு நாள் பெண்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுப் பணத்தைத் திட்டமிடுவது எப்படி என்பதுதான் பாடம். மொத்தம் பன்னிரண்டு வாரம். எங்கள் அறக்கட்டளை பீளமேட்டில் ஒரு மாடியில் இரண்டு அறைகளுக்குள் இருந்தது. ஒரு பெரிய கம்பெனி கொடுத்த மானியத்தில் வகுப்பு நடந்தது. என் சம்பளமும் அதிலிருந்துதான். கணவர் வேலை பார்த்த லேத் பட்டறை மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவசரத்துக்கென்று ஆறு மாதச் செலவைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று பலகையில் எழுதிப் போடுவேன். எங்கள் வீட்டில் ஆறு நாள் செலவுக்குக்கூட அப்படி எதுவும் இல்லை.

முதல் வரிசையில் ஓர் அக்கா உட்காருவார். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். தறிக்கு நூல் சுற்றும் வேலை. இருபது வருடம் தறிச் சத்தத்துக்குள்ளேயே இருந்ததால் காது மந்தம். அதனால் மற்றவர்களுக்கும் கேட்காது என்று நினைத்து உரக்கப் பேசுவார். ஒரு வகுப்பைக்கூட அவர் தவறவிட்டதில்லை. கணவர் அவிநாசி ரோட்டில் லாரி மோதி இறந்து, வழக்கு பல வருடம் இழுத்து, அந்த வருடம்தான் நஷ்டஈடாக நாலு லட்சம் ரூபாய் அவருடைய வங்கிக் கணக்குக்கு வந்திருந்தது.

ஆறாவது வாரம் வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு அவர் மட்டும் நின்றார்.

“ஏனுங்க டீச்சர், ஒண்ணு கேக்கோணும். எங்க நாத்தனா ஒரு கம்பெனில பணம் போட்டிருக்கறா. மாசம் தவறாம வட்டி வருதுங்க. என்னையும் போடச் சொல்றா. அத்தனை வட்டி வந்தா நான் தறிக்குடோனுல இருந்து நின்னுக்குவேன். இந்தக் காது மிச்சமாகுமுங்க. போடலாமுங்களா?”

வட்டி எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எந்த நேர்மையான தொழிலும் அந்த வட்டியைக் கொடுக்க முடியாது.

ஆனால் எந்தக் கம்பெனியைப் பற்றியும் தனியாக யாருக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது என்று மானிய ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அதிக வட்டி ஆசை காட்டும் திட்டங்களைப் பற்றிய பாடம் ஒன்பதாவது வாரத்தில் இருந்தது.

“அதைத்தானுங்க்கா ஒன்பதாவது வாரம் பேசப் போறோம். அவசரப்படாதீங்க. அதுவரைக்கும் பேங்குலயே இருக்கட்டும்” என்றேன்.

“செரிங்க. ஒன்பதாவது வாரமுங்களா? அதுவரைக்கும் தொடமாட்டேன்.”

ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்தது உண்மைதான். ஆனால் அன்று நான் களைத்துப் போயிருந்தேன் என்பதும், ஐந்தரை பஸ்ஸை விட்டால் ஏழு மணிவரை நிற்க வேண்டும் என்பதும் உண்மை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டேதான் அவருக்குப் பதில் சொன்னேன்.

ஏழாவது வாரம் நடக்கவில்லை. மானியம் கொடுத்த கம்பெனியின் முன்னுரிமை மாறிவிட்டது, அடுத்த தவணை வராது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் இயக்குநர் கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அலுவலக வாடகையைத் தன் ஓய்வூதியத்திலிருந்து கட்ட ஆரம்பித்தார். “வகுப்பை நிறுத்தி வையுங்கம்மா. வேற எடத்துல கேட்டுப் பாக்கலாம்” என்றார்.

நான்கு மாதம் மானியம் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். சம்பளம் இல்லை. தாலிக்கொடியை மட்டும் விட்டுவிட்டு மற்ற நகைகள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின. கணவர் காலையில் சாப்பிட்டுவிட்டு வேலை கேட்டுக் கிளம்புவார். மத்தியானம் வந்து படுத்துக்கொள்வார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சாப்பிடப் பழகியிருந்தோம். அந்த நாட்களில் அந்த அக்காவைப் பற்றி நான் நினைக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. நினைத்தேன். போன் நம்பரும் இருந்தது. பேங்கில்தான் இருக்கும், தொடமாட்டேன் என்று சொன்னாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசியாக எழுதிய விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: உங்கள் வகுப்பால் வாழ்க்கை மாறிய ஒருவரின் கதையைச் சொல்லவும். அந்த அக்காவின் கதையை எழுதினேன். கணவரை இழந்த தறித்தொழிலாளி, கைக்கு வந்த நஷ்டஈட்டை ஆசை வார்த்தைகளுக்கு மயங்காமல் வங்கி வைப்புநிதியில் பத்திரமாகப் போட்டிருக்கிறார், எங்கள் வகுப்பே காரணம் என்று. விசாரிக்காமல் எழுதினேன். இயக்குநர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்து நாளில், விண்ணப்பித்த நிறுவனத்தின் அதிகாரியிடமிருந்து போன் வந்தது. மானியம் கொடுக்க விருப்பம்; அதற்கு முன் அந்த அம்மாவை நேரில் பார்க்க வேண்டும்.

தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமையில் அவர் வீட்டுக்குப் போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

“வாங்க அம்மணி, வாங்க! ஊடு தெரிஞ்சுதுங்களா?”

தண்ணீர் கொடுத்தார். பணம் பேங்கில்தானே இருக்கிறது என்று கேட்டேன். சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னொரு முறையும் கேட்டேன். அவருக்கு முதல் முறையே கேட்டிருந்தது.

“கம்பெனில போட்டுட்டேனுங்க. ஒன்பதாவது வாரம் சொல்றேன்னீங்க. நானும் வாரா வாரம் மண்டபத்துக்குப் போய்ப் பாத்தேன். பூட்டியே கெடந்துதுங்க. மூணு மாசம் பாத்தேன். அப்பறம் நாத்தனா வந்து, இன்னிக்குப் போட்டாத்தான் இந்த வட்டின்னா. போட்டுட்டேனுங்க.”

உள்ளே போய் ஒரு பத்திரத்தை எடுத்து வந்து காட்டினார். பளபளவென்ற தாள், பொன்னிற எழுத்து. தொகையையும் தேதியையும் நான் மறுபடி மறுபடி படிப்பதை அவர் பார்த்துவிட்டார். அவர் முகம் மாறியது.

மறுநாளே அவரை லீவு போடச் சொல்லி, இரண்டு பேரும் அந்தக் கம்பெனிக்குப் போனோம். நகைக்கடை மாதிரி கண்ணாடிக் கதவு, குளிர்ந்த ஹால், சோபா. ஒரு வருடம் முடிவதற்கு முன்னால் அசலை எடுக்க முடியாது என்று கவுண்டரில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு சொன்னாள். நான் சத்தம் போட்டேன். மேலாளர் வந்தார். பத்திரத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனையைக் காட்டினார். அக்கா என் கையைப் பிடித்து வெளியே அழைத்துக்கொண்டு வந்தார். “உடுங்க அம்மணி. இது வரைக்கும் வட்டி வந்துதானுங்க இருக்குது” என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதற்காக அவர் அப்படிச் சொன்னார்.

நடந்ததை இயக்குநரிடம் சொன்னேன்.

“இது கெடைக்கலன்னா இந்த மாசத்தோட நாம மூடிரோணும். முந்நூறு பொம்பளைங்களுக்கு வகுப்பு எடுக்கறதா எழுதிக் குடுத்திருக்கறோம். அவங்க யாரும் இப்பிடி ஏமாறாம இருக்கோணுமில்ல? ஒரு நாள். ஒரே ஒரு வார்த்தை. அந்தம்மாகிட்டக் கேட்டுப் பாருங்க.”

நான் மறுத்திருக்கலாம். அன்று காலை மகள், கல்லூரியில் கட்டணம் கட்டாதவர்கள் பெயரை வகுப்பில் வாசித்ததாகச் சொல்லியிருந்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். நான் அக்காவிடம் போய்க் கேட்டேன். பாதி சொல்வதற்குள் அவர் புரிந்துகொண்டார்.

“பேங்குல இருக்குதுன்னு சொல்லோணும், அத்தனைதானுங்களே? சொல்லிப்போடறேன். உங்களுக்குச் சம்பளம் வரோணுமில்லீங்க.”

அதிகாரி சமுதாயக் கூடத்துக்கு வந்தார். சின்ன வயதுப் பெண், மரியாதையானவர். பாயில் எங்களோடு சமமாக உட்கார்ந்தார். அக்கா கூடமே அதிரும்படி உரக்கச் சொன்னார்: “டீச்சரு சொல்லிக் குடுத்தாங்க. பணத்தைப் பேங்குல போட்டுட்டேன். நிம்மதியா இருக்கறேனுங்க.” அதிகாரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள். மற்ற பெண்கள் கை தட்டினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கைதட்டல் நிற்காதா என்று இருந்தது.

மானியம் வந்தது. மகளின் கட்டணத்தைக் கட்டினேன். புதிய நிறுவனம் என்பதால் பாடத்தை முதல் வாரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார்கள். அதிக வட்டிப் பாடம் மறுபடியும் ஒன்பதாவது இடத்தில்தான் இருந்தது. அதை முன்னால் கொண்டுவர வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். அடுத்த வருடம் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. நான் காத்திருக்கவில்லை. முதல் வாரமே அதைப் பேசினேன், வருகைப் பதிவேட்டில் வேறு தலைப்பை எழுதிக்கொண்டு. அக்கா வழக்கம்போல முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டார். ஏமாற்றுத் திட்டத்துக்கு அடையாளம் என்று நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் மெதுவாகத் தலையை ஆட்டினார். இதற்கு முன் எந்த வகுப்பும் எனக்கு அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

நான்காவது வாரத்துக்குள் அக்கா பணம் போட்ட கம்பெனியை மூடிவிட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஷட்டர். ரோடு முழுக்க ஆட்கள். மயங்கி விழுந்த நாத்தனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அக்கா அழவில்லை. மூடிய ஷட்டரை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார், யாரோ உள்ளே இருப்பதுபோல.

கோவையில் போலீசிடம் புகார் கொடுக்கப் போன அன்று வரிசை தெருவரைக்கும் நின்றது. மர நிழலில் உட்கார்ந்து அவருக்காகப் புகாரை எழுதினேன். பத்திரம் வைத்திருந்த கவருக்குள்ளிருந்து அவர் இன்னொன்றையும் எடுத்தார். மானியம் கொடுத்த நிறுவனத்தின் வழவழப்பான ஆண்டறிக்கை. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். அதில் அவருடைய போட்டோ, கீழே நான் எழுதிய கதை.

“பணம் பேங்குல இருக்குதுன்னு இதுல அச்சுல போட்டிருக்குதுங்களே. போலீசுல இதைப் பாத்தா, நான் பொய்ப் புகார் குடுக்கறேன்னு நெனைப்பாங்களா?”

அப்படி ஆகாது என்றேன். சொன்னேனே தவிர எனக்கே நிச்சயமாகத் தெரியாது.

அவரே பிறகு சொன்னார்: “கோவமெல்லாம் இல்லீங்க. உங்களுக்கு என்ன கஷ்டமோ. ஆனா அன்னிக்கே வேண்டாங்க்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க. நான் கேட்டிருப்பனுங்க.”

சாதாரணமாகச் சொன்னதாகத்தான் அவர் நினைத்திருப்பார். ஆனால் அவர் குரல் அந்த வரிசை முழுவதற்கும் கேட்டது. சிலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அன்று மாலையே மானியம் கொடுத்த நிறுவனத்தின் அதிகாரிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். வைப்புநிதி எதுவும் இல்லை, அந்தக் கதை பொய், அந்த அம்மா சொன்னது நான் சொல்லச் சொன்னது. அவர் போன் செய்தார்.

“அன்னைக்கே ஏன் மேடம் சொல்லல? அவங்க கையப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேனே நான்.”

இணையத்தில் இருந்த அறிக்கையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். மீதி மானியத்தை நிறுத்தி வைத்தார்கள். இயக்குநர் என்னைத் திட்டவில்லை. மேசை இழுப்பறையை மூடிக்கொண்டே, “உங்க மனசு லேசாயிருச்சு. மிச்சம் இருக்கற வகுப்ப யாரு எடுக்கறது?” என்று மட்டும் கேட்டார். அவர் சொன்னபடி மனசு லேசாகிவிடவில்லை. மாதக் கடைசியில் மாடி அறைகளைக் காலி செய்தோம்.

இப்போது ஒரு பம்ப் உதிரிபாகக் கடையில் பில் போடுகிறேன். கணவருக்கு ஒரு பட்டறையில் அரைச் சம்பளத்துக்கு வேலை கிடைத்திருக்கிறது. அக்கா தறிக்குடோனில் இரண்டு ஷிப்டு பார்க்கிறார். கம்பெனி சொத்துகளை விற்று எல்லாருக்கும் கொடுப்பார்கள் என்று சொல்கிறார்கள். எப்போது என்று யாரும் சொல்வதில்லை. சில மாதங்களுக்கு ஒரு முறை போலீசில் ஏதாவது ஒரு படிவம் கேட்பார்கள். அதை நிரப்பித் தருவது என் வேலை.

போன வாரமும் ஒன்று கேட்டிருந்தார்கள். கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். அக்கா முன்னாலேயே வந்து வரிசையில் இடம் பிடித்திருந்தார். நான் எழுதி முடித்ததும் கையெழுத்துப் போட்டார். எங்கள் முன்னால் இன்னும் நாற்பது பேராவது இருந்தார்கள்.

“ரெண்டு மணி ஷிப்டுக்குப் போவோணுமுங்க. லேட்டானா வேற ஆளப் போட்டுருவாங்க. நீங்க குடுத்துப்போடறீங்களா?”

சரி என்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போனார். நான் அவருடைய இடத்தில் நின்றுகொண்டேன்.