காலிக் கேமராவில் ஒரு கிளிக்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபமில்லை, உங்கள் இடத்தில் நானும் சிரித்திருப்பேன்.

என்னிடம் ஒரு பழைய இரட்டை லென்ஸ் கேமரா இருக்கிறது. மார்பில் தொங்கவிட்டு, மேலிருந்து குனிந்து பார்த்துப் படமெடுக்க வேண்டும். கருப்பு வெள்ளை ஃபிலிம், ரோலுக்குப் பன்னிரண்டே படம். அதைத் தூக்கிக்கொண்டு ஏற்காடு போனால் செல்போனை அறையிலேயே போட்டுவிடுவேன், அப்படி ஒரு திமிர்.

போன வருஷம் காப்பிப் பழம் பறிக்கிற சமயம், அங்கே கரடியூரில் காலையிலிருந்து மூடுபனியும் சில்வர் ஓக் மரங்களுமாகப் பன்னிரண்டையும் முடித்துவிட்டு, எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரோலைக் கழற்றி, அதன் காகிதப் பட்டையை நக்கி ஒட்டிக்கொண்டிருந்தேன். எட்டு வயதுப் பெண் ஒருத்தி எதிரே நின்று கண் கொட்டாமல் பார்த்தாள். பெயர் ரோஸி. பின்னாலேயே அவள் அம்மா ஸ்டெல்லா வந்தார்.

"ஏனுங்க சார், பாப்பாவ ஒரு போட்டோ புடிச்சுத் தாங்க. நாளைக்குச் சேலத்துல நெஞ்சுல ஆப்பரேசனுங்க. எம்போனு தண்ணியில உழுந்து, இருந்த படமெல்லாம் போயிருச்சுங்க."

பையில் புது ரோல் ஒன்று இருந்தது. சேர்வராயன் கோயிலுக்கென்று வைத்திருந்தேன். நச்சரிக்கிறவர்களுக்குக் காலிக் கேமராவில் ஒரு கிளிக் கொடுத்து அனுப்புவது படமெடுக்கிற எங்கள் ஆட்களிடம் உள்ள பழக்கம்தான், அந்த எண்ணத்தில் நானும் சரி என்றேன். ஸ்டெல்லா மகளுக்குக் கிறிஸ்துமஸ் கவுனை மாட்டி, இரட்டைச் சடை பின்னிக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ரோலத்தான் கழட்டிட்டீங்களே?" என்றாள் ரோஸி, எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் கண்ணடித்தேன். அவள் அம்மாவை ஒரு தரம் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து நின்றாள். கிளிக். ஸ்டெல்லா கும்பிட்டு, என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

நான்காம் நாள் கூப்பிட்டார். ரோஸி ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள். "அந்தப் படத்தையாச்சும் குடுத்துருங்க சார், எங்கிட்ட வேற ஒண்ணுமில்லீங்க."

வெளிச்சம் பட்டு ஃபிலிம் கெட்டுவிட்டது என்று பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டேதான் அன்று மாலை அந்தக் கரடியூர் ரோலைக் கழுவினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவளைப் பார்ப்பதற்கு முன்பே எடுத்து முடித்த பன்னிரண்டு படத்திலும் மரங்களுக்கு நடுவே அவள் நின்றாள். அதே கவுன், அதே இரட்டைச் சடை. பன்னிரண்டிலும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

இருப்பதில் பெரிதாகத் தெரிந்ததைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கே எடுத்தது என்றுகூட ஸ்டெல்லா கேட்கவில்லை. அந்தச் சடையையே தடவிக்கொண்டிருந்தார்.

"கோவம் வந்தா இப்படித்தான் சார் திரும்பி நின்னுக்குவா. நொம்ப ரோசக்காரி. யாரு மேல கோவமுன்னுதான் தெரியலீங்க."

எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை, பாவி நான்.

இன்னமும் மாதம் ஒருமுறை கூப்பிடுகிறார். "மொகம் தெரியற மாதிரி ஏதாச்சும் இருக்குமான்னு பாருங்க சார்" என்பார். அந்த நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். போன வாரம் பார்த்தபோது, கடைசிப் படத்தில் ஒரு பக்கக் கன்னம் தெரிந்தது. நம்பினால் நம்புங்கள், அவள் மெல்ல என் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறாள்.

ஸ்டெல்லாவிடம், "ஒன்றுமில்லை அம்மா, முகம் எதிலும் இல்லை" என்று சொல்லிவிட்டேன்.