மேளம் வராத கல்யாணம்

நேற்றுக் கரையான்சாவடியில் ஒரு பலூன்காரன் பலூனை ஈர விரலால் தேய்த்துக் கீச்சுக்கீச்சென்று ஒலியெழுப்பிக்கொண்டு போனான். நடுரோட்டில் நின்று சிரித்துவிட்டேன். எதிரே வந்த அம்மாள் முறைத்தார். அவரிடம் எப்படி விளக்குவது? உங்களிடமாவது சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் காலம், சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். பூந்தமல்லி அரிசி மண்டியில் எனக்கு வேலை. பக்கத்துக் கடைக் காதர் என் சிநேகிதன். ஆவடிப் பட்டாளத்துக்காரன் ஒருவனிடம் அத்தர் சீசா ஒன்றைக் கொடுத்து, மௌத் ஆர்கன் ஒன்றை வாங்கி வந்திருந்தான். பாதி ஓட்டைகள் ஊமை. ஒன்று மட்டும், நேற்றுக் கேட்ட பலூன் போலவே, ஆட்டுக்குட்டி மாதிரி கத்தும். நான் சீப்பில் பீடிக்கட்டுக் காகிதத்தைச் சுற்றி ஊதுவேன், உதடெல்லாம் குறுகுறுக்கும். இருவரும் சேர்ந்து ஒரு மெட்டுக் கட்டினோம். ஊமை ஓட்டைகளைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டியிருந்ததால் அது கொஞ்சம் நொண்டும். எங்களுக்கு என்னவோ அமிர்தம்தான்.

அப்போதுதான் எனக்குப் பாரிவாக்கத்தில் பெண் பார்த்தார்கள். பெயர் கன்னியம்மா. பார்க்கப் போன அன்று அவள் நிமிரவே இல்லை. மாப்பிள்ளை அழைப்பன்று சாயங்காலம் பெட்ரோல் பஞ்சத்தில் கரியைப் போட்டு ஓட்டிய பஸ், மேளக்காரர்களோடு வழியில் நின்றுவிட்டது. ஊர் எல்லையில் மாமனார் நான் வந்த வண்டியை மறித்தார்.

"மேளம் இல்லாம ஊருக்குள்ள எப்டி கூட்டிகினு போறது? வேற நாள் வெச்சிக்கலாம்."

காதர் முன்னால் வந்தான். "நான் கீறேன் மாமா."

ஊதினான். மாலையும் கழுத்துமாக வண்டியில் இருந்த நானும் பொறுக்க மாட்டாமல் மடியிலிருந்த சீப்பை எடுத்தேன். உற்சாகத்தில் காதரின் வாய் அந்தப் பொல்லாத ஓட்டையில் பட்டுவிட்டது. மேய்ச்சலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஆடுகள் பதில் சொல்லின. அப்புறம் எங்கள் பின்னாலேயே வர ஆரம்பித்தன. முன்னால் மாமனார், சாவு வீட்டுக்குப் போகிற முகத்தோடு. பின்னால் ஒரு மந்தை.

பெண் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. வெட்கத்தில் காதர் நிறுத்திவிட்டான். கதவோரம் நின்ற கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க அண்ணாத்தே? ஊதுங்க."

அவள் குரலை நான் முதன்முதலில் கேட்டது அப்போதுதான். அதுவும் என்னிடம் பேசியதல்ல. மகள் சிரித்ததைப் பார்த்த மாமனார், "சரி, உள்ள வாங்க," என்றார். மறுநாள் குறித்த நேரத்தில் தாலி கட்டினேன்.

அந்த மேய்ச்சல் வெளியெல்லாம் இப்போது மாடி வீடுகள். காதரும் இல்லை, கன்னியம்மாவும் இல்லை. எங்கள் மெட்டின் முன்பாதி எனக்கு இன்னும் வரும். நான் முற்றத்தில் அதை முணுமுணுத்தால், மிச்சத்தை அடுப்படியிலிருந்து அவள்தான் முடிப்பாள். அவளிடமே விட்டுவிட்டதில், அந்தப் பின்பாதி எனக்கு மறந்தே போய்விட்டது.