எழுதப்படாத ஐம்பது நாற்காலிகள்

திங்கள் முதல் வெள்ளி வரை எம்.பி.ஏ., சனி ஞாயிறு எம்.சி.ஏ. வாரத்துக்கு ஏழு நாள்தான் என்பது அந்த இரண்டு வருடமும் எனக்குப் பெரிய குறையாக இருந்தது. நாற்பத்து மூன்று வயது. மதுரை காளவாசலில் எங்களுக்கு வாடகைப் பாத்திரக் கடை. சேர், ஷாமியானா, ஜமுக்காளம், ஆளே உள்ளே இறங்கித் தேய்க்கும் அளவுக்கு அண்டா. காலையில் கடையைத் திறந்து கணவரிடம் விட்டுவிட்டு பல்கலைக்கழகத்துக்கு, நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் போகிற பஸ்ஸில் தொற்றிக்கொள்வேன். பஸ் நிற்கும் முன்பே இறங்குகிற ஆள் நான். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்று என்கிற பொறுமை பிறவியிலேயே கிடையாது. இரண்டு பட்டத்தை ஒரே சமயத்தில் படிக்கலாம் என்று விதி மாறிய செய்தியைப் பேப்பரில் பார்த்தபோது கையில் சாம்பார் வாளி இருந்தது. வாளியைக் கீழே வைப்பதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

கூடப் படித்த பிள்ளைகள் என்னை அக்கா என்றார்கள். ஆசிரியர்கள் பாதிப் பேர் என்னைவிட இளையவர்கள், அவர்கள் மேடம் என்றார்கள். மேலாண்மை வகுப்பில் வரிசை என்றால் பொறுமை இழந்த வாடிக்கையாளர். கணினி வகுப்பில் வரிசை என்றால் முதலில் வந்தது முதலில் வெளியேறும் ஓர் ஏற்பாடு. எனக்கோ இரண்டுமே, முகூர்த்தத்துக்கு முதல் நாள் கடை வாசலில் சாமான் ஏற்ற ஹாரன் அடித்து நிற்கும் குட்டியானை வண்டிகள். இரண்டு பாடமும் ஒரே தெருவுக்குத்தான் வந்து சேர்கின்றன என்று எனக்குப் பட்டது. மற்றவர்களுக்கும் அப்படிப் படவேண்டுமே, அதுதான் பாடாக இருந்தது.

கடைசி வருட ப்ராஜெக்டுக்கு ஒரே மென்பொருளை இரண்டு துறைக்கும் கொடுக்கிறேன் என்று கேட்டேன். எந்தத் தேதிக்கு எத்தனை சேர், எத்தனை அண்டா வெளியே இருக்கிறது, எத்தனை மிச்சம் என்று சொல்லும் மென்பொருள். அறைக்கு அறை நடந்தேன். கடைசியில் சம்மதித்தார்கள். அறிக்கை தனித்தனி, தேர்வு மட்டும் இரண்டு துறைக்கும் ஒரே நாளில், ஒரே அறையில். அதில் ஒரு சிக்கலும் இருந்தது. மென்பொருள் தேறாவிட்டால் இரண்டு பட்டமும் சேர்ந்தே கைநழுவும்.

எங்கள் பழைய முன்பதிவு நோட்டுகளை எல்லாம் தட்டச்சு செய்து உள்ளே ஏற்றினேன். மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்ட நோட்டுகள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுவீடு. ஒவ்வொரு வரியையும் ஏற்ற ஏற்ற ஊரே என் விரல் வழியாக ஊர்வலம் போனதுபோல இருந்தது. ஒரு வரியைக்கூட விடவில்லை என்று நம்பினேன்.

கார்த்திகையில் முன்னோட்டம். கணினிப் பேராசிரியர், மேலாண்மைப் பேராசிரியர், நான். வேண்டுமென்றே நல்ல முகூர்த்த நாளாகப் பார்த்துக் கேட்டு வாங்கியிருந்தேன். திரையில் எல்லாச் சேரும் வெளியே, இருப்பு பூஜ்யம். எவ்வளவு துல்லியம் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கணவர் போனில் கூப்பிட்டார். அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். அந்த மாதம் முழுக்க மென்பொருளைக் கேட்காமல் ஒரு கரண்டிகூட வெளியே போகக் கூடாது என்று அவரிடம் நான் வாக்கு வாங்கியிருந்தேன். பொடி வைத்துப் பேசுவதற்கு அவருக்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

"இங்க பாரு, மலையடிவாரத்துல ஒரு துட்டி. அம்பது சேரு, ஒரு ஷாமியானா கேக்குறாங்க. உன் பொட்டி இல்லேங்குது. திருப்பி அனுப்பிரவா?"

சாவு வீட்டை எங்கள் பக்கம் துட்டி வீடு என்போம். எங்கள் தொழிலில் துட்டிக்கு இல்லை என்று சொல்லக் கூடாது.

"பொட்டி கெடக்குது. பின்னாடி இருக்கறத ஏத்தி விடுங்க."

போனை வைத்தேன். கணினிப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், சிஸ்டம் இல்லேங்குது. நீங்க ஏத்துங்குறீங்க. நான் யாருக்கு மார்க் போடட்டும்?"

அந்த ஐம்பது சேர் கணக்கில் எங்கே இருக்கிறது என்று மேலாண்மைப் பேராசிரியர் கேட்டார். எங்கேயும் இல்லை. அப்போதுதான் எனக்கே உறைத்தது. கடையின் பின்சுவரை ஒட்டி, நிறம் மங்கிய ஐம்பது நாற்காலிகள் எப்போதும் அடுக்கி நிற்கும். கல்யாணத்துக்குப் போகாது. துட்டிக்கு மட்டும். நல்லது எழுதுகிற நோட்டில் துட்டியை எழுதக் கூடாது என்பது எங்கள் கடை வழக்கம். ஆகையால் இத்தனை வருடத்தில் ஒரு சாவுகூட நோட்டில் ஏறவில்லை. நோட்டை நம்பி நான் கட்டிய மென்பொருளில், மதுரையில் யாருமே சாகவில்லை.

இன்னொன்றும் இருந்தது. திரும்பும் தேதியைப் போடாமல் என் மென்பொருள் எந்தப் பதிவையும் ஏற்காது. துட்டி வீட்டில் போய் எப்போது முடியும் என்று எப்படிக் கேட்பது? வெளிநாட்டிலிருந்து மகன் வரும்வரை காத்திருப்பார்கள். நாங்களும் காத்திருப்போம்.

மாசியில் இறுதித் தேர்வு, இப்படியே வந்தால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

மார்கழி. கல்யாணம் இல்லாத மாதம். வகுப்பு இல்லாத மத்தியானங்களில் அண்டாக்கள் வெயிலில் கவிழ்ந்து கிடக்க, கணவரை உட்காரவைத்து, இந்த மூன்று வருடத் துட்டிகளைச் சொல்லுங்கள் என்றேன். முதலில் மாட்டேன் என்றார். நல்லதையும் கெட்டதையும் ஒரே இடத்தில் எழுதினால் கடைக்கு ஆகாது. நான் திரையைக் காட்டினேன். அட்டவணை ஒன்று, அட்டவணை இரண்டு.

"அப்ப வேற வேற நோட்டுதானா?"

"வேற வேற நோட்டுத்தான். எத்தனை சேருன்னு பாக்குறப்ப மட்டும் ரெண்டையும் கேக்கும்."

திரையை எட்டிப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். நிறுத்தவே முடியவில்லை. தெருத் தெருவாக, வீடு வீடாக. அன்றைக்கு மழை, ஷாமியானா நனைந்து கனத்துத் திரும்பியது. அன்றைக்கு நாலு சேர் உடைந்து வந்தது, காசு கேட்கவில்லையாம். இந்த வீட்டில் சேர் மூன்று நாள் கிடந்தது. அந்த வீட்டில் கிழவருக்குக் கொட்டடித்து ஆடிய ஆட்டத்தில் ஜமுக்காளம் கிழிந்தது. நான் தட்டச்சு செய்துகொண்டே இருந்தேன். இருபது வருடமாகப் பக்கத்திலேயே இருந்த மனுஷனுக்குள் இம்புட்டு ஊர் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. படித்தவள் நான், பாடம் நடத்தியது அவர்.

இரண்டு அட்டவணையையும் குடும்பப் பேரை வைத்துப் பொருத்திப் பார்த்தேன். துட்டிக்கு எங்கள் நாற்காலியில் உட்கார்ந்த வீடுகளில் பெரும்பாலானவை, பின்னால் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களிடமே வந்திருந்தன. சிலது ஊரைவிட்டு டி. கல்லுப்பட்டிக்குக் குடிபோன பிறகும்கூட. கடையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் யாரும் அதைப் பார்த்ததில்லை. திரையில் வரிவரியாக அது எழுந்து வந்ததை நான் பார்த்தேன்.

மாசி. அதே அறை. கணினிப் பேராசிரியர் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, எல்லாச் சேரையும் ஒரே கல்யாணத்துக்குப் பதிவு செய்யப் பார்த்தார். ஐம்பது மிச்சம் வைத்து மென்பொருள் மறுத்தது. துட்டி என்று அழுத்தினார். திரும்பும் தேதியைக் கேட்காமல், ஒரு கேள்வியும் கேட்காமல், அது நாற்காலியைக் கொடுத்தது. அவசரம் வந்தால் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு அதைக் கவனிக்கிற ஏற்பாடு அவருடைய பாடத்தில் முதல் வருடத்திலேயே வருகிறது. தலையை ஆட்டினார்.

மேலாண்மைக்காரர் விடவில்லை. எந்த நேரமும் ஐம்பது சேரைச் சும்மா போட்டு வைப்பது நஷ்டம் இல்லையா என்றார். பொருத்திய பட்டியலை அவர் பக்கம் திருப்பினேன்.

"சார், இந்த அம்பதும் சும்மா நிக்கல. அடுத்த கல்யாணத்தக் கூட்டிட்டு வர்றதே இதுங்கதான்."

படித்தார். மறுபடி மேலே போய்ப் படித்தார். பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அடுத்தடுத்து இரண்டு கையெழுத்து. இரண்டு மை, ஒரே மேசை. எழுந்து நின்றபோது கால் தரையில் இல்லை. வெளியே அந்த வளாகத்து வேப்பமரங்கள், நாகமலையின் நீண்ட முதுகு, உச்சிவெயில், எல்லாம் எனக்கென்றே போட்ட பந்தல். சிரித்துக்கொண்டே நடந்தேன். எதிரே வந்த பிள்ளைகள் அக்கா என்னாச்சு என்றார்கள். ரெண்டும், என்றேன். ரெண்டும்!

நான் கடைக்குப் போய்ச் சேருவதற்குள் கணவர் காளவாசல் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். மறுநாள் காலை எதிர்க்கடைக்காரர் வந்து நின்றார். எங்களோடு பத்து வருடமாகப் போட்டி போடுகிறவர். ஒரு கல்யாணத்தைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"அக்கா, எங்க கடைக்கும் அதப் போட்டுத் தர்றீகளா?"

சேர் எத்தனை என்று கேட்டேன். சொன்னார். துட்டிக்கு எத்தனை ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். இருக்கும், பின்னாடி கிடக்கும், எண்ணினதில்லை என்றார். ஒரு சேரை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். மடிக்கணினியைத் திறந்தேன்.

"எந்தத் தெருவுல இருந்து ஆரம்பிக்கலாம், அண்ணே?"