கட்டுப் போட்ட எஞ்சின்

1. சாக்பீஸ் கோடுகள்

ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ராஜபாளையத்திலிருந்து சேத்தூர் போகும் சாலையில் காதர் பாயின் பழைய இரும்புக் கடைக்குள் நான் நுழைந்தபோது, பாய்லரின் மேல் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார்கள். கேஸ் கட்டர் முத்தையா வெட்டவேண்டிய இடங்கள் அவை.

அது கரும்பு ஆலை ஒன்றில் வண்டிகள் இழுத்த நேரோகேஜ் நீராவி எஞ்சின். நான்கே சக்கரம். கம்பெனித் தகடு கழன்று போயிருந்ததால் கட்டிய ஆண்டு தெரியவில்லை. தெரியாததை நான் எழுதுவதில்லை. ஆனால் எஞ்சின் எனக்குப் புதிதல்ல. ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேரும் முன், இந்த வகை எஞ்சினில்தான் ஃபிட்டர் வேலை பழகினேன். காலையில் தூக்குவாளியை ஃபயர்பாக்ஸ் கதவுக்கு மேலே வைத்தால் மத்தியானம் சோறு சுடச்சுட இருக்கும். சூடான எண்ணெய் வாசம் சட்டையில் துவைத்தாலும் போகாது. அந்த வகையில் நான் கடைசியாகப் பார்த்தது இதைத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளி, அதை வெட்டவிடாமல் நிறுத்தி வைக்க ஷெட் தர ஒப்புக்கொண்டது. பழைய மில் நண்பர்கள் சேர்ந்து பாயிடம் விலை பேசி முடித்தோம். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"அண்ணாச்சி, தை பொறந்தா இந்த எடத்தக் காலி பண்ணிக் குடுக்கணும். மேல கரண்டுக் கம்பி போவுது, கிரேன் உள்ள வராது. ரோடு வரைக்கும் அது தன் சக்கரத்துல உருண்டு போனா ஒங்க எஞ்சின். உருளலேன்னா எனக்கு இரும்பு."

2. மழைக்காலம்

தள்ளிப் பார்த்தோம், சக்கரம் சுற்றியது. ஆனால் ட்ரெய்லருக்கும் தற்காலிகத் தண்டவாளத்துக்கும் ஏற்பாடு செய்ய மார்கழி ஆகிவிடும். நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழை. சக்கரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் ராடு, அது மாட்டியிருக்கும் பின், பிஸ்டன் ராடு எல்லாவற்றையும் கிரீஸ் பூசிச் சுற்றி வைக்க முடிவு செய்தோம்.

நண்பர் சுப்பராஜா பேண்டேஜ் யூனிட் வைத்திருப்பவர். காயத்துக்குக் கட்டும் காஸ் துணியில் கழிவானதை ஆட்டோ நிறைய அனுப்பினார். இரண்டு நாள் உட்கார்ந்து சுற்றினோம். ராடெல்லாம் வெள்ளையாகி, ஆக்ஸிடென்ட் வார்டில் கால் தூக்கிக் கட்டின ஆள்போல எஞ்சின் நின்றது.

முத்தையா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "குளுக்கோஸ் ஒண்ணுதான் ஏத்தல அண்ணாச்சி. ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வரவா?"

3. ஞாயிற்றுக்கிழமை

மார்கழியின் கடைசி ஞாயிறு தண்டவாளம் போட்டு, டிராக்டர் கொண்டுவந்து சங்கிலி மாட்டினோம். எஞ்சின் நகர்ந்தது, சக்கரம் சுற்றவில்லை. தண்டவாளத்தின் மேல் சறுக்கியது. தண்டவாளத்துக்கு அடியில் கொடுத்த கட்டைகள் விலகத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"கால்ல கட்டுப் போட்டா எப்படி நடக்கும்?" என்றார் பாய்.

துணியைப் பிரித்தோம். உள்ளே ஈரம், அதற்கடியில் செந்துரு. ஒரு ராடுகூடப் பின்னில் அசையவில்லை. சுப்பராஜா பிரித்த துணியைக் கையில் பிழிந்து பார்த்துவிட்டுத் தெலுங்கில் தன்னையே திட்டிக்கொண்டார்.

"எங்க துணியோட வேலையே ஈரத்தக் குடிக்கிறதுதானே அண்ணாச்சி! அதுக்காகத்தான அதக் காய்ச்சி வெளுக்கோம். கிரீஸையும் குடிச்சு, மழையையும் குடிச்சிருக்கு."

வெளுக்காத மில் வேஸ்ட் பஞ்சில் இயற்கையான மெழுகு இருக்கும். தண்ணீர் ஒட்டாமல் வழியும். பஞ்சிலேயே காலம் கழித்த இத்தனை பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. பஞ்சு என்றால் பஞ்சுதானே என்று நினைத்துவிட்டோம்.

ராடைக் கழற்றிவிட்டால் சக்கரம் சுற்றும். கழற்ற, பின் நுழையும் அதன் கண்ணைச் சூடாக்கி விரிய வைக்கவேண்டும். சூடு கூடினால் உள்ளேயிருக்கும் பித்தளை வளையம், புஷ், போய்விடும். நெருப்பு முத்தையாவிடம்தான் இருந்தது.

"வெட்டச் சொன்னா செத்த நேரத்துல முடிச்சிருவேன். சூடு மட்டும் காட்டச் சொல்லுதீகளே, எனக்கு விரல் தானா வெட்டுற லீவருக்குப் போயிருமே." கொஞ்சம் யோசித்தார். "லீவரக் கம்பி போட்டுக் கட்டிருங்க."

பைண்டிங் கம்பியால் லீவரைக் கட்டினேன். அவர் சுடரை வட்டமாகக் காட்ட, நான் டீசல் ஊற்றி, பித்தளைக் கட்டையை வைத்துச் சம்மட்டியால் தட்டினேன். முதல் ராடு புகையோடு கழன்றது. அடுத்த பக்கத்தில் ஒரு புஷ் விரிசல் விட்டது. அதை இன்னும் மாற்றவில்லை. பாய் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் முறை டீ கொண்டுவந்தார்.

வெயில் சாயும் நேரம் கடைசி ராடும் இறங்கியது. டிராக்டர் இழுத்தது. சக்கரம் முதலில் முனகியது, பிறகு சுற்றியது.

"போங்க, ஒங்க எஞ்சின்தான்" என்றார் பாய்.

4. ஷெட்டில்

இளைய நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். இரும்பைச் சுற்றும் முன் எதனால் சுற்றுகிறோம் என்று பாருங்கள். சுற்றியதை அப்படியே விட்டுவிடாதீர்கள்; இடையிடையே பிரித்துப் பாருங்கள், அசைத்துப் பாருங்கள். மழை முழுக்க நாங்கள் அந்தக் கட்டை ஒருமுறைகூடப் பிரிக்கவில்லை. இப்போது மாதம் ஒரு ஞாயிறு வேஸ்ட் பஞ்சால் துடைத்து, சக்கரம் ஒரு சுற்று வருமளவுக்குத் தள்ளுகிறோம்.

சென்ற மாதம் முத்தையா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், அப்படியே ஷெட்டுக்கும் வந்தார்.

"எப்ப அண்ணாச்சி ஓட்டுவீக?"

"ஓடாது முத்தையா. பாய்லர் டியூபெல்லாம் போச்சு."

"பொறவு எதுக்கு மாசாமாசம் தள்ளுதீக?"

"தள்ளினா நகரணும்லா. அதுக்குத்தான்."

முத்தையா பட்டுச்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, எங்களோடு பின்பக்கம் வந்து தோளைக் கொடுத்தார்.