மரம் உப்பியிருக்கிறது

நான் செய்யும் பெட்டிக்கு மூடி உண்டு, பூட்டு கிடையாது. ஒரு பக்கப் பலகையைத் துளி நகர்த்தினால்தான் அடுத்தது நகரும். அது நகர்ந்தால்தான் மூடி அசையும். வரிசை தெரியாதவன் மண்டை காய்ந்து வீசி எறிவான். ஜப்பான்காரன் கண்டுபிடித்த வேலை. குருண் டவுனில் மரச்சாமான் தொழிற்சாலையில் நான் வேலை பார்த்தபோது, தன் நாட்டுக்குத் திரும்பிய ஜப்பான் மேலாளர் ஒருவர் எனக்கு அப்படியொன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கக்காகப் பிரித்துப் போட்டுத்தான் கற்றுக்கொண்டேன். "நல்லா இருந்த பொட்டிய கொன்னுட்டீங்க" என்றாள் என் மனைவி.

வெள்ளைக்குப் பால்மரம் என்கிற ரப்பர் மரம், மஞ்சளுக்குப் பலா, சிவப்புக்கு மெராந்தி. குச்சி குச்சியாக அறுத்து, கோலம்போல அடுக்கி ஒட்டி, காய்ந்த கட்டையை இழைப்புளியால் சீவினால் அந்தக் கோலம் காகித மெல்லிசில் சுருண்டு வரும். அதைப் பெட்டிமேல் ஒட்ட வேண்டும். மூச்சை அடக்கிச் செய்கிற வேலை. என் முன்கோபத்துக்கு இது எப்படி ஒத்துவந்தது என்று எனக்கே தெரியாது.

எந்தப் பெட்டியையும் முதலில் திறப்பவள் அவள்தான். வரிசையை நான் சொல்லமாட்டேன். கட்டைவிரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். "இவ்ளோதானா லா?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கென்று செய்த பெட்டியில் ஸ்டிக்கர் பொட்டு வைத்திருந்தாள். காலையில் குளித்துவிட்டு வந்து, சரக் சரக்கென்று தள்ளித் திறந்து, ஒன்றை எடுத்து ஒட்டிக்கொள்வாள்.

போன வருஷம் மழைக்கு முன்னால் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது. வலது கை திரும்பவில்லை.

"பொட்டு நான் வச்சு விடவா?" என்று கேட்டேன்.

"வேணாங்க. நானே தொறந்து வச்சுக்குறேன்."

வெறும் நெற்றியோடு இருந்தாள். நான் குத்துக்கல்லாட்டம் எதிரே உட்கார்ந்திருக்க, புருஷன் போனவள் மாதிரி அந்த நெற்றி. தினமும் நான் பெட்டியைப் பிடித்துக்கொள்வேன். இடது கையால் தொடமாட்டாள், அப்படியொரு வீம்பு. வலது கட்டைவிரலைத் தூக்கிப் பலகைமேல் வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்துவாள். நகராது. ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"இது ஒன் கை இல்ல புள்ள. மழைக்கு மரம் உப்பியிருக்கு. பால்மரத்தப் பத்தி ஒனக்குத் தெரியாதா? மழ விடட்டும்."

முழுப் பொய்யுமில்லை. ஈரத்துக்கு மரம் உப்பத்தான் செய்யும். அவள் முகம் தெளிந்தது. மெர்போக்கிலிருந்து பார்க்க வந்த அவள் அக்கா, கை எப்படியிருக்கிறது என்று விசாரித்தபோது, "மழ விட்டா சரியாயிரும்க்கா" என்றாள். அக்கா என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணி போடுகிற சாக்கில் எழுந்துபோனேன். பாழாய்ப்போன அந்தப் பேச்சை நானும் நம்ப ஆரம்பித்திருந்தேன், அதுதான் கொடுமை.

தை பிறந்தது. வெயில் கொளுத்தியது. வீட்டுக்குப் பின்னாலிருந்த பால்மரங்கள் இலையைக் கொட்டின. பெட்டியின் மரமும் தானாகவே காய்ந்து சுருங்கியிருந்தது. போதாதென்று, மத்தியானம் அவள் தூங்கும்போது பெட்டியை எடுத்துப் பலகைகளின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். ஊதினால் நகரும் அளவுக்குத் தேய்த்தேன். இப்படி லொடலொடக்கும் பெட்டியை வேறெவனாவது செய்திருந்தால் காறித் துப்பியிருப்பேன்.

மறுநாள் காலை பெட்டியை நீட்டினேன். விரலை வைத்தாள். அழுத்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது. பலகை நகரவில்லை. நான் பெட்டியை மாற்றிப் பிடித்ததில் மட்டும் அது லேசாக ஆடியது. அதை அவள் பார்த்தாள். பெட்டி செய்தவனைவிடப் பெட்டியை அறிந்தவள், அவளுக்கா தெரியாது?

ஜன்னலைப் பார்த்தாள். கண் கூசும் வெயில். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"மழ இன்னும் விடல போலருக்குங்க" என்றாள். "நீங்களே தொறந்து வச்சு விட்டுருங்க."

"ஆமா புள்ள, விடல" என்று சொல்லி, திறந்து, பொட்டை எடுத்து வைத்துவிட்டேன்.