பஞ்சுவுக்கு இரண்டு பேர் கொடுத்த மாத்திரை

ஒன்பது வயதில் நாய் கடித்துத் தொடையில் ஏழு தையல் போட்டுக்கொண்டவள், நாய் ஆஸ்பத்திரியிலேயே உதவியாளர் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டாம் வகுப்போடு நின்றவள், அறுபத்திரண்டு பேர் மனுப் போட்ட இடத்தில் நிரந்தரமானாள். "இந்த ஒல்லிக்குச்சி கூண்டைத் தூக்குமா?" என்று சிரித்த மேற்பார்வையாளரே, கடிக்கிற நாய் வந்தால் "குருவியைக் கூப்பிடு" என்றார். குருவி என் தங்கை. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் பஞ்சு என்ற எட்டு மாத நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு நாளாக வாந்தி. முந்தின நாள் மதியத்திலிருந்து சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான். ரத்தத்தைப் பார்த்ததில் சிறுநீரகம் கழிவை வெளியேற்றவில்லை என்று தெரிந்தது.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். எலி நடமாடும் இடத்தில் தேங்கிய தண்ணீரைக் குடித்ததா? திராட்சை தின்றதா? வண்டி இன்ஜினிலிருந்து ஒழுகிய கூலன்ட் திரவத்தை நக்கியதா? மனிதர்களுடைய வலி மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா? எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றார் மெக்கானிக். ஸ்கேனில் கல்லும் இல்லை, அடைப்பும் இல்லை. சிறுநீரகம் மட்டும் கொஞ்சம் சிறியதோ என்ற சந்தேகம்.

"பிறவிக் கோளாறா இருக்கலாம். சில குட்டிங்களுக்கு அது சரியா வளர்றதே இல்ல. அப்படின்னா டிரிப்ஸ் ஏத்தி வதைக்கிறதுல அர்த்தமில்ல. ரெண்டு மணி வரைக்கும் பாப்போம். வேற காரணம் தெரியலன்னா ஊசி போட்டு ஒரேயடியாத் தூங்க வெச்சிடலாம்" என்றார் டாக்டரம்மா. மெக்கானிக் வெளிப் பெஞ்சுக்குப் போய்விட்டார்.

பன்னிரண்டு இருபதுக்கு அவர் மனைவி வந்தார். பேக்கரியில் மாலை வேலை அவருக்கு. கணவர் எழுந்து கிளம்பும்போது இவர் தூக்கத்தில் இருப்பார்; இவர் திரும்பும்போது கணவர் குறட்டையில் இருப்பார். பஞ்சு மட்டும்தான் இரண்டு பேரையும் விழித்த நிலையில் பார்த்தது. அந்த அம்மா ரொட்டியை வெண்ணெயோடு உருட்டி அதன் வாயருகே கொண்டுபோனார்.

குருவி குறுக்கே கை நீட்டினாள். "அக்கா, அதை இப்படிக் குடுங்க."

"பாவம், பசிக்கும்மா அதுக்கு."

"வாந்தி எடுக்கிற நாய்க்கு என்னக்கா பசி? குடுங்க."

பிதுக்கிப் பார்த்தாள். உள்ளே வெள்ளையாய் அரை மாத்திரை.

"அது… கால் நொண்டிச்சேன்னு. என் முதுகு வலிக்குப் போடுறதுதான். அரைதான், மதியம் மட்டும். மூணு நாளா."

குருவி குரலை உயர்த்தவில்லை. நேரே மெக்கானிக் இருந்த பெஞ்சுக்குப் போனாள். கொடுத்தீர்களா என்று கேட்டால் யாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள், அது அவளுக்குத் தெரியும். "அண்ணே, கால் வலிக்கு மாத்திரை எந்த நேரத்துல குடுத்தீங்க?"

அவர் தலை தொங்கியது. "காலைல. முழுசா ஒண்ணு. டாக்டரம்மா திட்டுவாங்கன்னு சொல்லல. வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா தொலைச்சிடுவா."

"நல்ல கூத்து! அவங்களும் குடுத்திருக்காங்கண்ணே. ஒரு நாய்க்கு வீட்டுக்குள்ளயே ரெண்டு டாக்டரு!"

பிறவிக் கோளாறில்லை, மாத்திரைதான் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று தெரிந்ததும், பன்னிரண்டு நாற்பதுக்கு டிரிப்ஸ் ஏறியது. குருவி மணிக்கு ஒரு தடவை பஞ்சுவுக்குக் கீழிருந்த விரிப்பை எடுத்துத் தராசில் வைத்தாள்; எடை கூடினால் சிறுநீர் போயிருக்கிறது என்று அர்த்தம். ஒரு மணிக்கு எடை கூடவில்லை. இரண்டுக்கும் இல்லை. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம்" என்றாள் குருவி. நாலு மணிக்கும் இல்லை. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். ஐந்து பத்துக்கு விரிப்பு நாற்பது கிராம் கூடியிருந்தது. குருவி விரிப்போடு டாக்டரம்மாவிடம் ஓடினாள்.

பஞ்சு ஒன்பதாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனது.

பஞ்சு வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையே டாக்டரம்மா நோயாளித் தாளைக் குருவி பக்கம் தள்ளினார். 'விவரம் கேட்டறிந்தவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. "நான் கேட்டு ஒண்ணும் வரலியே. கேட்டு வாங்கினது நீதான், நீயே கையெழுத்துப் போடு."

வருகைப் பதிவேட்டில் அதுவரை அவள் வைத்ததெல்லாம் கைநாட்டு. நாலு நிமிடம் எடுத்துக்கொண்டு, கட்டத்தை விட்டு ஓர் எழுத்து வெளியே போக, தன் பெயரை முதன்முதலாக எழுதினாள். தேதி: 15 மார்ச் 2016.