இருவருக்கு ஒரே ஜாக்கெட்

டெல்மர் ட்வெட் பணத்தில் தாராளம், எடையில் மகா கஞ்சன். மலைக்கு எடுத்துப்போகும் சட்டையின் கழுத்துப்பட்டியில் தைத்திருக்கும் சீட்டைக்கூடக் கத்தரித்துவிட்டுத்தான் என் கடைத் தராசில் வைப்பான்.

மொன்டானாவில், மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் வேட்டைத் துணிக்கடை என்னுடையது. டெல்மர் என்னோடு படித்தவன். முப்பது வருடம் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. இருந்த ஒரே துணை ராய்ஸ் கில்பர்ட். பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு செப்டம்பரிலும் இருவரும் வண்டிப்பாதை முடிகிற இடத்திலிருந்து பன்னிரண்டு மைல் உள்ளே நடந்துபோய், பத்து நாள் தங்கி எல்க் மான் வேட்டையாடுவார்கள்.

உடம்போடு மெல்லிய கம்பளிச் சட்டை, அதன்மேல் ஃப்ளீஸ் என்கிற பஞ்சுபோன்ற மேல்சட்டை, அதற்கும் மேல் காற்றுக்கும் மழைக்கும் ஒன்று. ஏறும்போது லேசாக நடுங்கிக்கொண்டே ஏற வேண்டும், வியர்த்து நனைந்தால் பிறகு விறைத்துச் சாக வேண்டியதுதான். இதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் உள்ளே இறகு அடைத்த கனத்த ஜாக்கெட் விஷயத்தில் இவர்கள் வழியே தனி. இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். ஒருவன் மேட்டில் அசையாமல் உட்கார்ந்து பைனாகுலரில் மான் தேடுவான், மற்றவன் நடப்பான். குளிர்வது உட்கார்ந்தவனுக்குத்தானே? முறை மாறும்போது கழற்றிக் கொடுத்துவிடுவான். புருஷன் பெண்டாட்டிகூட இப்படிப் பங்கு போட்டுக்கொள்வதில்லை என்று ஊரே கேலி செய்யும். ஜாக்கெட் எப்போதும் ராய்ஸ் பையில்தான் இருக்கும்.

போன குளிர்காலத்தில் ராய்ஸ் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு அரிசோனாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டான். மே மாதம் எனக்குப் போன் வந்தது. இனி மலை ஏற முடியாதாம். டெல்மரிடம் சொல்ல வாய் வரவில்லையாம், நான் சொல்லிவிட வேண்டுமாம். தனியாகப் போனால் ஜாக்கெட் இல்லாமல் போகவிடாதே என்றான். நல்ல வேலை கொடுத்தான், போங்கள். எனக்கு மட்டும் வாய் வந்துவிடுமா? நானும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் டெல்மர் வந்தான். உள்சட்டைகளைத் தடவினான், ஃப்ளீஸைத் தராசில் வைத்தான், மழைச்சட்டையின் தையலை இழுத்துப் பார்த்தான். கடைசியில் இறகு ஜாக்கெட்டுகளிடம் வந்து ஒன்றை விரலால் அமுக்கினான். "ராய்ஸ்கிட்ட இருக்கு" என்று திரும்ப மாட்டிவிட்டுப் போனான். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். வெயில் சாய்ந்தபின் அந்த மேட்டில் வெறும் ஃப்ளீஸோடு உட்கார்ந்தால் ஆள் உயிரோடு திரும்ப மாட்டான்.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது நாலாவது தடவை வந்து அதையே சொன்னான். என்னால் அடக்க முடியவில்லை.

"ராய்ஸ் வரமாட்டான், டெல்மர். மே மாசமே எனக்குப் போன் பண்ணிட்டான்."

"தெரியும்" என்றான்.

ஜூனில் ஒரு பார்சல் வந்ததாம். உள்ளே அந்த ஜாக்கெட். கடிதம் எதுவும் இல்லையாம். நான் சொல்லியிருப்பேன் என்று நம்பி அனுப்பியிருக்கிறான் அந்தப் புண்ணியவான். எனக்கு வந்ததே கோபம்.

"அப்புறம் எதுக்குய்யா வாராவாரம் வந்து என் உசுர வாங்கினே?"

அவன் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ராய்ஸ்கிட்ட இருக்குன்னு சொல்றதுக்கு எனக்கு வேற எடம் இல்ல, லோர்னா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. துணி மடிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

புறப்படும் அன்று காலை கடை வாசலில் வண்டியை நிறுத்தினான். பின்னால் பை கட்டித் தயாராக இருந்தது. ஜாக்கெட் மட்டும் பக்கத்து இருக்கையில் கிடந்தது. ஏன் பையில் வைக்கவில்லை என்று கேட்டேன். தன் பையில் அதை வைத்துப் பழக்கமில்லை, எங்கே வைப்பதென்று தெரியவில்லை என்றான்.

பையை அவிழ்த்து, எல்லாவற்றையும் கீழே தள்ளி, ஜாக்கெட்டை மேலேயே வைத்தேன். உட்கார்ந்தவுடனே எடுத்துப் போட்டுக்கொள், எழுந்து நடக்கும்போதுதான் கழற்ற வேண்டும் என்றேன், அவனுக்குத் தெரியாததுபோல.

வாரை இழுத்துக் கட்டியபடி தலையாட்டினான்.

"கழட்டி யாருக்கும் குடுக்க வேணாம்" என்றான்.